புகையில்லா மின்சாரமும் நம் விடுதி விளக்கும்

சென்ற ஆடி மாதம் கன்னியாகுமரிக்குச் சுற்றுலா சென்றபோது, வள்ளியூரைத் தாண்டியதுமே எங்கள் பேருந்து ஆடத் தொடங்கிவிட்டது. பணகுடியை நெருங்கியபோது சன்னல் கண்ணாடிகள் தடதடவென்று அடித்துக்கொண்டன. ஓட்டுநர் அண்ணாச்சி இரு கைகளாலும் வண்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே! அம்மி பறந்ததோ இல்லையோ, முப்பந்தலில் இறங்கிக் கட்டுச்சோற்றைப் பிரித்த எங்கள் இலைகள் பறந்தே போயின.

வலப்புறம் மலை, இடப்புறம் பொட்டல், எங்கு நோக்கினும் காற்றாலைகள். எண்ணத் தொடங்கிய ஒருத்தி நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டுக் கைவிட்டாள். அப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி, உடன் வந்த சகோதரியிடம், “இத்தனை காற்றாடி சுத்துதே சிஸ்டர், பிறகு எதுக்குக் கரியை எரிக்கணும்?” என்று கேட்டாள். சகோதரி வாய் திறக்குமுன், பின் இருக்கையிலிருந்து இன்னொருத்தி, “கரியே வேண்டாம்னா எங்க தாத்தா ஊர் என்ன ஆகும் சிஸ்டர்?” என்றாள். அவளுடைய தாத்தா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“இரண்டுமே நல்ல கேள்வி. விடை தேடி ஆண்டு மலருக்கு எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டார் சகோதரி. அன்று மாட்டிக்கொண்டவர்கள்தாம் நாங்கள். பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் படித்தும், கேட்டும், கணக்குப் போட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலில், மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். சைக்கிள் டைனமோவை எல்லோரும் பார்த்திருப்போம். சக்கரம் சுழன்றால் விளக்கு எரியும், நின்றால் அணையும். பெரிய மின் நிலையமும் அடிப்படையில் இதுவே. யார் சுழற்றுவது என்பதில்தான் வேறுபாடு. அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். பொங்கும் சோற்றுப் பானையின் மூடியைத் தள்ளுகிற அதே நீராவி, பன்மடங்கு அழுத்தத்தோடு பாய்ந்து சுழலியைச் சுற்றுகிறது. இவ்வாறு சுற்றிச் சுற்றி வருவதில், கரியிலிருந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி வெப்பமாகவே வெளியேறிவிடுகிறது. காற்றாலையிலோ அடுப்பும் இல்லை, ஆவியும் இல்லை. காற்றே நேராக வந்து சுற்றுகிறது.

நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் கரி வேண்டும். இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் செலவழிக்கும் சிறு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அக்குடும்பத்திற்காக எங்கோ ஓரிடத்தில் 140 கிலோ கரி எரிகிறது. அரிசி மூட்டையாக எண்ணினால் மூன்று மூட்டைக்குச் சற்றே குறைவு! இந்தக் கரி ஒடிசாவிலுள்ள தால்ச்சேர் போன்ற சுரங்கங்களில் வெட்டி, இரயிலேற்றி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேற்றி, எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறக்கப்படுகிறது. நாம் சுவிட்சைத் தட்டும்போது இவ்வளவு பேர் பாடுபட்டிருக்கிறார்கள் என்பதை நாங்கள் இதுவரை நினைத்ததே இல்லை.

அந்த 140 கிலோ கரி என்ன ஆகிறது? மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் சாம்பலாக நிற்பதுண்டு. எரிந்த பகுதி கரியமில வாயுவாகி வானேறுகிறது. யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ வீதம், 200 கிலோ. “140 கிலோ கரியிலிருந்து 200 கிலோ வாயுவா? தப்பாக எழுதிவிட்டீர்களே” என்று எங்களைத் திருத்த வந்த தோழியரே, சற்றுப் பொறுங்கள்! வேதியியல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 12 பங்கு கார்பன் எரியும்போது காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்கு கரியமில வாயுவாகிறது.

இந்த வாயுவை ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ஆம் ஆண்டு முதல் இடைவிடாமல் அளந்து வருகிறார்கள். அளவைத் தொடங்கிய சார்லஸ் கீலிங் கண்டது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 315 பங்கு. இன்று அது 420-ஐக் கடந்துவிட்டது. ஆலைகளும் இரயிலும் தோன்றுவதற்கு முன்னர் 280 பங்கே இருந்தது. இவ்வாயு பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் போர்வைபோல் தடுக்கிறது. பெட்ரோலும் டீசலும் எரிந்தாலும் இதே கதைதான். போதாக்குறைக்கு, நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ போர் மூண்டால் நம் வீட்டு ஆட்டோக் கட்டணம் ஏறுவது இதனால்தான்.

சரி, காற்றுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர். தென்மேற்குப் பருவக் காற்று அரபிக் கடலிலிருந்து வந்து அச்சுவரில் மோதுகிறது. மழையைக் கேரளத்தில் கொட்டுகிறது. ஆனால் சுவரில் சில வாசல்கள் உண்டு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி. வீட்டில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்தால் காற்று எப்படிப் பிய்த்துக்கொண்டு வரும்! அப்படித்தான் இக்கணவாய்களிலும். உடுமலைப்பேட்டையிலும் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் குவிந்திருப்பதன் காரணம் இதுவே.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் இரண்டு மடங்கன்று, எட்டு மடங்கு. ஆகவே கொஞ்சம் கூடுதலாகக் காற்றடிக்கும் இடம் பொன் விளையும் பூமி. வேர்க்கடலைகூடச் சரியாக விளையாத முப்பந்தல் பொட்டலுக்கு வந்த மதிப்பு இப்படிப்பட்டது.

நம் மாநிலத்தில் இது 1986-ஆம் ஆண்டு தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கியது. அன்று நட்ட காற்றாலை ஒவ்வொன்றும் 55 கிலோவாட் திறன் உடையது. பின்னர்க் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் டென்மார்க் நாட்டு அரசின் உதவியோடு காற்றாலைகள் எழுந்தன. இன்று நடும் ஒரே காற்றாலை 2,000 முதல் 3,000 கிலோவாட் வரை தருகிறது. அதாவது, பழையவற்றில் நாற்பது ஐம்பது செய்ததை ஒன்றே செய்கிறது. தமிழ்நாட்டில் உள்ள காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அந்தப் பழைய சிறு காற்றாலைகள் நல்ல காற்றுள்ள இடங்களையெல்லாம் முதலிலேயே பிடித்துக்கொண்டு இன்னும் நிற்பது ஒரு தலைவலி. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நட 2024-ஆம் ஆண்டு தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

டென்மார்க் என்று சொன்னோம் அல்லவா? அந்தக் கதையைச் சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை. ஏனெனில் அது பள்ளிக்கூடத்தில் தொடங்கிய கதை.

டென்மார்க்கில் அஸ்கோவ் என்னும் சிற்றூரில், மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் பௌல் லா கூர் என்ற ஆசிரியர் இருந்தார். 1891-ஆம் ஆண்டு அப்பள்ளியருகே மின்சாரம் தரும் காற்றாலை ஒன்றை அவர் அமைத்தார். நாட்டுப்புற மக்களுக்கும் மின்விளக்கு கிடைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் ஒரு சங்கடம் வந்தது. காற்று பகலில் வீசும். விளக்கோ இரவில் வேண்டும். என்ன செய்தார் தெரியுமா? காற்றாலை தந்த மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி, அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துத் தொட்டிகளில் அடைத்து வைத்தார். இரவில் அந்த ஹைட்ரஜனை எரித்துப் பள்ளிக்கு வெளிச்சம் தந்தார்! 1895 முதல் சில ஆண்டுகள் அப்பள்ளி இவ்வாறே ஒளி பெற்றது. ஹைட்ரஜனோடு சிறிது ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிக்கும். பள்ளியின் சன்னல்கள் சிலமுறை சிதறிப் போயினவாம். அந்தப் பள்ளியின் தலைவர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும் என்று நாங்கள் வியந்தோம். (நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாய் உடைந்தாலே என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.)

பல இறக்கைகள் மெதுவாகச் சுற்றுவதைவிடச் சில இறக்கைகள் வேகமாகச் சுற்றுவதே மின்சாரத்திற்கு நல்லது என்று கண்டவரும் அவரே. அவர் 1904-இல் நடத்திய வகுப்பில் படித்த மாணவர்களுள் ஒருவர் யோஹன்னஸ் யூல். அவர் 1957-ஆம் ஆண்டு கெட்ஸர் என்னும் கடற்கரை ஊரில் 200 கிலோவாட் காற்றாலையை மூன்று இறக்கைகளோடு ஓட விட்டார். முப்பந்தலில் நாம் காணும் காற்றாலைகளுக்கு அதுவே முன்னோடி. ஆனால் அப்போது எண்ணெய் மலிவு. காற்றை யார் நினைப்பார்? கெட்ஸர் காற்றாலை பத்தாண்டு ஓடி நின்றது.

1973-ஆம் ஆண்டு மேற்காசியப் போரையொட்டி எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்காயிற்று. தனக்கு வேண்டிய எரிபொருளில் பெரும்பகுதியை எண்ணெயாக இறக்குமதி செய்துவந்த டென்மார்க் திகைத்துப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. யூலின் காற்றாலையைத் தூசி தட்டி மீண்டும் ஆராய்ந்தார்கள். ட்விண்ட் என்னும் இடத்திலிருந்த பள்ளிகளின் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975 முதல் மூன்றாண்டு உழைத்துத் தாங்களே 53 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஒரு மாபெரும் காற்றாலையைக் கட்டி 1978-இல் ஓட்டிக் காட்டினார்கள். வேளாண் கருவிகள் செய்துவந்த தொழிற்சாலைகள் காற்றாலை செய்யத் தொடங்கின. இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. ஒரு பள்ளி ஆசிரியர் ஊன்றிய விதை தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் முள்ளக்காடு வரை வந்து சேர்ந்திருக்கிறது!

இனி விடுதித் தோழியின் கேள்வி. இத்தனை காற்றாடி இருந்தும் ஏன் கரி?

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவின் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் சரிபாதி, கரியும் எண்ணெயும் எரிவாயுவும் அல்லாத வழிகளைச் சேர்ந்ததாயிற்று. 2030-க்குள் எட்ட நினைத்ததை ஐந்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தை அளந்தால், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் கரியிலிருந்தே வருகிறது. இது எப்படி?

வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் 50 பேர் பெயர் இருக்கிறது. 25 பேர் நாள்தோறும் வருகிறார்கள். மற்ற 25 பேரில் பாதிப் பேர் வெயில் அடித்தால் மட்டும் வருவார்கள். மீதிப் பேர் காற்றடித்தால் வருவார்கள். பதிவேட்டில் சரிபாதி, பாடம் எழுதியவர்களை எண்ணினாலோ முதல் 25 பேரே மிகுதி. சூரியப் பலகை ஆண்டு முழுவதற்குமாகப் பார்த்தால் தன் முழுத் திறனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கும், காற்றாலை சுமார் நான்கில் ஒரு பங்கும்தான் தருகின்றன. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஏறக்குறைய 2,500 ஏக்கரில் 25 இலட்சம் பலகைகள்! ஆயினும் மாலை ஆறரைக்கு மேல் அத்தனையும் உறங்கிவிடும். நாம் விளக்கைப் போடுவது அப்போதுதான்.

இன்னொன்றும் உண்டு. மின்சாரத்தைக் கம்பிக்குள் தேக்கி வைக்க முடியாது. நாடெங்கும் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வினாடிக்கு 50 சுழற்சி என்னும் தாளம் தப்பும். அளவு மீறித் தப்பினால் ஊரே இருளும். கரி நிலையமோ விறகடுப்பு மாதிரி. பற்ற வைக்கவே பல மணி நேரம் பிடிக்கும், நினைத்தவுடன் அணைக்கவும் முடியாது. ஆகவே மாலை வேளைக்காக அதைப் பகலிலும் தணலாகவாவது வைத்திருக்கிறார்கள்.

நம் அக்காமார் 2012-ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நாளில் பாதி நேரம் மின்வெட்டு. மெழுகுவர்த்தியில் படித்துப் பொதுத்தேர்வு எழுதினார்கள். அந்த ஆண்டுகளில்தான் ஆனி ஆடியில் காற்று மிகுந்தபோது, வரும் மின்சாரத்தைச் சுமந்து செல்லப் போதிய கம்பி வழி இல்லாமல் காற்றாலைகளை நிறுத்தி வைத்ததும் நடந்தது. ஒரு பக்கம் பசி, ஒரு பக்கம் சோறு வீண்! எங்களை மிகவும் வருத்திய செய்தி இதுதான். குறை காற்றில் இல்லை, கம்பியில் இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னாட்டு மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே தாளத்தில் இணைக்கப்பட்டது. பின்னர்ச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் உயர் அழுத்த வழி வந்தது. வடக்கிலிருந்து மின்சாரம் வாங்கவும், ஆடியில் நம் காற்றை வடக்கே அனுப்பவும் அது உதவும்.

கம்பி ஒரு வழி. சேமிப்பு மற்றொரு வழி. நம் அம்மாக்கள் மாதத் தொடக்கத்தில் அஞ்சறைப் பெட்டிக்குள் கொஞ்சம் பணத்தை ஒளித்து வைப்பதில்லையா? ஆனைமலையில், ஆழியாற்றுக்கு மேலே காடம்பாறையில் 1980-களில் கட்டிய மின் நிலையம் அப்படிப்பட்ட பெட்டி. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம். மின்சாரம் மிகுந்திருக்கும் வேளையில் கீழ்த் தண்ணீரை மேலே ஏற்றிவிடுகிறார்கள். மாலையில் தேவை கூடும்போது மேலிருந்து இறக்கிச் சுழலியைச் சுற்றுகிறார்கள். ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே இயந்திரமே. முன்னும் பின்னுமாகச் சுழலும். போட்டதில் நான்கில் ஒரு பங்குபோல் வழியிலேயே கழிந்துவிடும். ஆனாலும் சில நிமிடங்களில் 400 மெகாவாட் கைக்கு வரும் என்றால் அந்த வட்டி கொடுக்கலாம். இத்தகைய மலையிடங்கள் அதிகம் கிடையா. கிடைக்கும் இடங்களிலும் காடழியும் என்ற கவலை உண்டு.

மூன்றாவது, பெரிய மின்கலங்கள். நம் கைப்பேசியில் உள்ள அதே வகைதான், அறை அறையாக. 2010-க்குப் பின் அவற்றின் விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது. அதற்காக அவை குற்றமற்றவை என்று நாங்கள் சொல்லவில்லை. அவற்றுள் பலவற்றுக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சில சுரங்கங்களில் நம் வயதுக்கும் குறைந்த பிள்ளைகள் மண் சுமக்கிறார்கள். புகையில்லை என்பதாலேயே ஒரு பொருள் தூய்மையாகிவிடாது. கோபால்ட் இல்லாத மின்கலங்களும் இப்போது பெருகி வருவது சற்று ஆறுதல்.

இனி நெய்வேலி.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தது. கிராமங்கள் இடம் பெயர்ந்தன. முந்திரித் தோப்புகளின் நடுவே ஒரு நகரமே எழுந்தது. எங்கள் தோழியின் தாத்தா 1970-களில் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது, மாடிவீட்டளவு உயரமான சக்கர வெட்டி இயந்திரத்தைக் கண்டு முதல் நாள் பயந்து போனாராம். அவர் சம்பளத்தில்தான் மூன்று அத்தைகளுக்குத் திருமணமும், தோழியின் அப்பாவுக்குக் கல்லூரிப் படிப்பும் நடந்தன. “கரி கெட்டது” என்று எழுதும்போது எங்கள் பேனா இதை நினைத்துத் தயங்கத்தான் செய்தது.

அந்த முதல் மின் நிலையம் 58 ஆண்டுகள் உழைத்து 2020-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றது. ஆனால் அதற்கு ஈடாக வந்ததும் பழுப்பு நிலக்கரி நிலையமே; ஆகவே ஊரின் பிழைப்புக்கு உடனே ஆபத்தில்லை. அதே நிறுவனம் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்களும் அமைத்துவிட்டது. நல்லதுதானே என்றால், தாத்தா தொலைபேசியில் ஒரே கேள்வி கேட்டார்: “அதுல எத்தனை பேருக்கு வேலை பாப்பா?” எங்களால் விடை சொல்ல முடியவில்லை. சூரிய நிலையம் கட்டும்போது நிறையப் பேர் வேண்டும். கட்டி முடித்தபின் சிலரே போதும். கமுதியில் பலகைகளைத் துடைக்கவும் இயந்திரம்! சுரங்கமோ ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போடுவது.

இதை மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன என்று தேடினோம். இங்கிலாந்தில் 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை சுரங்கத் தொழிலாளர் ஓராண்டுக் காலம் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். பின்னர்ச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன; மாற்று வேலை வரவில்லை; பல சுரங்க ஊர்கள் இன்றும் அந்த வறுமையிலிருந்து முற்றும் மீளவில்லை. இது புகையைக் குறைக்க எடுத்த முடிவன்று. செலவைக் குறைக்க எடுத்தது. எனினும் பாடம் ஒன்றே. 1882-இல் இலண்டனில் கரி மின் நிலையம் திறந்த அந்நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் என்னும் கடைசிக் கரி நிலையத்தையும் மூடிவிட்டது. 2012-இல்கூட அதன் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கரியிலிருந்து வந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில் பூச்சியம்!

ஜெர்மனியில் வேறு வழி. அங்கே ஆழ்சுரங்கங்களை மூடுவதென்று 2007-இல் அரசும் நிறுவனமும் தொழிற்சங்கமும் பேசி முடிவு செய்தன. ஆனால் மூடியதோ 2018 டிசம்பரில். இடையே பதினோரு ஆண்டுகள்! வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம். இளையவர்களுக்கு வேறு தொழிற்பயிற்சி. யாரையும் தெருவில் விடவில்லை. நம் நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரியை நம்பி வாழும் லவுசிட்ஸ் முதலிய பகுதிகளுக்காக, 2020-இல் தனிச் சட்டம் இயற்றி 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். கரி மின்சாரத்தை நிறுத்தக் கடைசி ஆண்டு 2038 என்றும் குறித்தார்கள். அங்கும் குறை சொல்வோர் உண்டு. கெடு மிக நீளம் என்கிறார்கள் சிலர், பணம் போய்ச் சேரவில்லை என்கிறார்கள் சிலர். ஆனால் தேதி தெரிந்திருப்பதே பெரிய காரியம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை எந்தப் படிப்பில் சேர்வது என்று முடிவு செய்யலாம் அல்லவா? நம் நாடு, கரியமில வாயுவை நிகரச் சுழியமாக்க 2070-ஆம் ஆண்டைக் குறித்து 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் வாக்குக் கொடுத்தது. நெய்வேலிக்கென்று தனியாக ஒரு தேதியும், அதோடு ஒரு திட்டமும் வேண்டும் என்பதே தாத்தாவின் கட்சி. இன்று அங்கே தொழிற்பயிற்சி நிலையத்தில் நுழையும் பையன் ஓய்வு பெறும்போது 2065 ஆகிவிடும் என்று கணக்குச் சொன்னார் அவர்.

கடைசியாக, நம் விடுதி விளக்கு. பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம் வீட்டைப் பாராமல் இருக்கலாமா? சகோதரியின் அனுமதியோடு ஒரு சனிக்கிழமை நோட்டும் பென்சிலுமாக அறை அறையாக நுழைந்து எண்ணினோம்.

24 வகுப்பறைகள். அறைக்கு நான்கு மின்விசிறி, நான்கு விளக்கு. விசிறிக்கு 75 வாட், விளக்குக்கு 20 வாட் என்று வைத்து ஐந்து மணி நேரத்திற்குக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 யூனிட். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சூரியப் பலகை நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும்; அதற்கு 100 சதுர அடி இடம் போதும். ஆக 1,200 சதுர அடி மொட்டைமாடி இருந்தால் வகுப்பறைகளுக்கு ஆயிற்று. பள்ளி நடப்பதும் பகலில், வெயில் அடிப்பதும் பகலில். சேமிக்கும் கவலையே இல்லை. வெயில் உச்சத்திலிருக்கும் மே மாதத்தில் மட்டும் நாம் விடுமுறையில் இருப்போம். அப்போது ஊருக்குக் கொடுக்கலாம்.

விடுதிதான் இடக்கு செய்தது. மாலைப் படிப்புக் கூடத்தில் 12 விசிறி, 20 விளக்கு. மூன்று மணி நேரத்திற்கு 4 யூனிட். அதற்குப் பிறகு படுக்கைக் கூடங்களில் 40 விசிறிகள் எட்டு மணி நேரம் சுழல்கின்றன; 24 யூனிட்! விளக்கை அணைக்கச் சொல்லி இத்தனை நாள் கேட்ட அறிவுரைகளையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டோம். படிப்பு விளக்கு தின்பது கொஞ்சமே. உறக்கத்தில் சுழலும் விசிறிதான் பெருந்தீனிக்காரன்.

மொத்தம் 28 யூனிட். இதை இரவுக்குச் சேமித்து வைக்கும் மின்கலம் நமக்குக் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட இருந்தோம். அப்போதுதான் மின்பணியாளர் அண்ணாச்சி, புதுவகை விசிறிகள் 30 வாட்டில் ஓடுகின்றன என்று சொன்னார். விசிறிகளை மட்டும் மாற்றிக் கணக்கைத் திரும்பப் போட்டோம். 28 யூனிட் 12 யூனிட்டாக இறங்கிவிட்டது. சேமிக்க வேண்டிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் தேவையே இல்லாமல் போயிற்று! ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பலகை பாதிகூடத் தராது. அந்நாட்களில் வழக்கமான இணைப்பையே நம்ப வேண்டும்.

கணக்கு முழுவதையும் தலைமைச் சகோதரியிடம் கொடுத்திருக்கிறோம். அவர் இருமுறை படித்துவிட்டு, “முதலில் பத்து விசிறி மாற்றிப் பார்ப்போம்; மீட்டரை நீங்களே வாரந்தோறும் பார்த்து எழுதுங்கள்” என்றார். சிறிய பிள்ளைகளின் படுக்கைக் கூடத்தில் அந்தப் பத்தும் ஏறிவிட்டன. மீட்டர் நோட்டு இப்போது விடுதி வாசலில் தொங்குகிறது.